மௌனம் ஒப்புதல் அன்று: பத்து நாள் அறிவிப்பும் ஒரு பிழைபட்ட படிவமும்

‘கேட்பு அறிவிப்பு கிடைத்த பத்து நாள்களுக்குள் மறுப்புத் தெரிவிக்காத நிறுவனம் கடனை ஒப்புக்கொண்டதாகவே பொருள்.’ கொல்கத்தாவில் அண்மையில் நடந்த சட்டவியல் கருத்தரங்கு ஒன்றில் இவ்வாக்கியம் மேடையிலிருந்து சொல்லப்பட்டது. அவையில் ஒருவரும் மறுக்கவில்லை. சில நாள்களில் அதுவே மாணவர்களின் குறிப்பேடுகளிலும் வாட்ஸாப் குழுக்களிலும் சட்டவிதிபோல உலவக் கண்டேன். சொன்னவரின் பெயர் இங்கு வேண்டியதில்லை. அவர் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. தணிக்கையாளர்களும் வசூல் முகவர்களும் சில வழக்கறிஞர்களும் நாள்தோறும் சொல்வதையே சொன்னார். ஆனால் பல்கலைக்கழக மேடையில் சொல்லப்படும்போது ஒரு தவறான வாசிப்பு பாடமாக மாறிவிடுகிறது. எனவே இதை எழுத வேண்டியதாயிற்று.

நான் பயின்றது மொழியியல், சட்டம் அன்று. ‘சட்டத்தைச் சட்டம் படித்தவர்களுக்கு விட்டுவிடுங்கள்’ என்போருக்கு இந்த நகரத்தின் வரலாற்றிலிருந்தே விடை உண்டு. 1786இல் ஆசியக் கழகத்தில் நின்று சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றின் பொது மூலத்தைப் பற்றிப் பேசிய வில்லியம் ஜோன்ஸ், வில்லியம் கோட்டை உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி. அவரைச் சமஸ்கிருதத்துக்கு இட்டுச் சென்றவற்றுள் ஒன்று, சட்டநூல்களைப் பிறர் வாய்வழியன்றித் தாமே படித்துப் பொருள் காணும் தேவை. சென்னையில் திராவிட மொழிகளின் தனித்தன்மையை 1816இல் எடுத்துக்காட்டிய எல்லிசும் ஆட்சியர். இந்துச் சட்டம் பற்றி எழுதியவர். இந்தியாவில் ஒப்பிலக்கணம் நீதிமன்ற வாசலில் பிறந்த குழந்தை. பிறந்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்க அதற்கு உரிமை இல்லையா?

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நொடிப்பு மற்றும் திவால் சட்டம், 2016இன் 8ஆம் பிரிவின்படி, சரக்கோ சேவையோ தந்துவிட்டுப் பணம் வராத ஒருவர், அதாவது ‘செயல்பாட்டுக் கடனீந்தோர்’, நிறுவனத்துக்குக் கேட்பு அறிவிப்பு அனுப்பலாம். அல்லது பணம் கேட்கும் விலைப்பட்டியலின் படியை அனுப்பலாம். நிறுவனம் அதைப் பெற்ற பத்து நாள்களுக்குள், தகராறு ஏதேனும் இருந்தால் அதையும், பணம் கட்டியிருந்தால் அதற்கான சான்றையும் தெரிவிக்க வேண்டும். பத்து நாள் கழிந்தும் பணமோ தகராற்று அறிவிப்போ வரவில்லையென்றால், 9ஆம் பிரிவின்கீழ்த் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் கடனீந்தவர் மனுச் செய்யலாம். சட்டம் சொல்வது இவ்வளவே. மௌனத்தின் விளைவு மனுச் செய்யும் வாயில் திறப்பதுதான். கடன் மெய்ப்பிக்கப்பட்டது என்றோ, ஒப்புக்கொள்ளப்பட்டது என்றோ, இனி மறுக்கும் உரிமை இல்லை என்றோ அங்கு ஒரு சொல்கூட இல்லை.

மௌனத்துக்குப் பொருள் கொடுக்க விரும்பும் சட்டமன்றம் அதை வெளிப்படையாகவே எழுதும். ஆஸ்திரேலியாவின் 2001ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தைப் பாருங்கள். அங்கே கேட்பு அறிவிப்பை நீக்குமாறு நீதிமன்றத்தை 21 நாள்களுக்குள் அணுகலாம். அணுகாமலும் பணம் கட்டாமலும் இருந்தால் நிறுவனம் நொடித்துவிட்டதாக அனுமானிக்கப்படும் என்று சட்டமே சொல்கிறது. மௌனத்தின் விளைவு அங்கே எழுத்தில் இருக்கிறது. அதற்கு ஈடாக, அறிவிப்பை நீக்கக் கோரும் தனி வழியும் இருக்கிறது. நம் சட்டத்தில் முதலாவதும் இல்லை, இரண்டாவதும் இல்லை. இரண்டாவதைத் தராமல் முதலாவதை மட்டும் வாசகர்களே சேர்த்துக்கொள்வது என்ன நியாயம்?

இந்தத் தவறான வாசிப்பின் ஊற்று சட்டநூலில் இல்லை; ‘மௌனம் சம்மதம்’ என்ற பழமொழியில் இருக்கிறது. அது பெண் பார்க்கும் படலத்துக்குரியது. அங்கேயும் அது நியாயமானதன்று என்பது வேறு கதை. வணிகச் சட்டம் அதை ஏற்றதில்லை. 1862இல் இங்கிலாந்தில் ஃபெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி வழக்கில், ‘உன்னிடமிருந்து மறுமொழி வராவிட்டால் குதிரை என்னுடையது என்று கொள்வேன்’ என்ற பொருளில் மருமகனுக்கு எழுதிய மாமனின் வாதம் நிற்கவில்லை. கேள்வி கேட்டவர் தம் விருப்பப்படி எதிராளியின் மௌனத்துக்குப் பொருள் நிர்ணயிக்க முடியாது. உரையாடல் ஆய்வு படித்தவர்களுக்கு இது புதிதன்று: கேள்விக்குப் பின் வரும் மௌனம் கவனத்துக்குரியது; ஆனால் அதன் பொருள் சூழலிலிருந்து பெறப்படுவது. கேட்கவில்லை, புரியவில்லை, அஞ்சினேன், வழக்கறிஞர் விடுப்பில் இருந்தார், ஏற்கெனவே நூறு முறை சொன்னதை மீண்டும் சொல்ல விரும்பவில்லை: எல்லாம் மௌனத்தில் அடங்கும்.

நல்வாய்ப்பாக மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் இப்படியே கண்டிருக்கிறது. 2022இல் பிராண்டி ரியால்டி எதிர் சர் ஜான் பேக்கரீஸ் வழக்கில், பத்து நாள்களுக்குள் பதில் அனுப்பாதது, முன்பே இருந்த தகராற்றை 9ஆம் பிரிவு மனுவுக்கான எதிருரையில் எடுத்துக்காட்டத் தடையாகாது என்று கூறியது. கருத்தரங்கு மேடையில் இத்தீர்ப்பின் பெயர் ஒலிக்கவில்லை.

சொல் வரலாறு ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும்; என் சினத்தின் பாதி அதில்தான் இருக்கிறது. 1956ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 434ஆம் பிரிவு, 500 ரூபாய்க்கு மேற்பட்ட கடனைக் கேட்டு அறிவிப்பு வந்து மூன்று வாரம் ஆகியும் நிறுவனம் அதைக் கட்டாமல் ‘புறக்கணித்தால்’ அதனால் கடனைத் தீர்க்க இயலவில்லை என்று கொள்ளலாம் என்றது. ‘நெக்லெக்ட்’ என்ற அந்த ஆங்கில வினை விக்டோரியா காலச் சட்டத்திலிருந்து வந்தது. 1874இல் லண்டன் அண்ட் பாரிஸ் பேங்கிங் கார்ப்பரேஷன் வழக்கில் நீதிபதி ஜெசெல் அதற்குப் பொருள் கண்டார்: கட்டாமல் விடுவது வேறு, புறக்கணிப்பது வேறு, நியாயமான காரணத்தோடு மறுப்பவர் புறக்கணித்தவர் ஆகார். ஒரு வினைச்சொல்லின் நுட்பத்தின் மேல் நூறாண்டுக்கு மேற்பட்ட பாதுகாப்பு எழுந்தது. நம் உச்ச நீதிமன்றமும் அந்த மரபில் நின்றது. 1965இல், சென்னையிலிருந்து சென்ற அமால்கமேட்டட் கமர்ஷியல் டிரேடர்ஸ் எதிர் ஏ.சி.கே. கிருஷ்ணசாமி வழக்கில், நேர்மையாக மறுக்கப்படும் கடனை வசூலிக்க நிறுவனக் கலைப்பு மனுவைக் கருவியாக்கக் கூடாது என்றது.

2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘புறக்கணிப்பு’ இல்லை. அதன் இடத்தில் ‘டிஃபால்ட்’ வந்தது. 3ஆம் பிரிவின் வரையறைப்படி அது, உரிய நாள் வந்தும் கட்டப்படாமை. தமிழில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். ‘புறக்கணித்தல்’ செய்வோனை வேண்டும் வினை. அதில் மனம் உண்டு, பொறுப்பு உண்டு. ‘கட்டப்படாமை’ வெறும் எதிர்மறைத் தொழிற்பெயர். நிகழாத ஒன்றின் பெயர். அதில் யாரும் இல்லை. மனத்தை அகற்றிவிட்டுக் கணக்கை மட்டும் வைத்தார்கள். 21 நாள் பத்து நாளாயிற்று. முன்பு ‘ஏன் கட்டவில்லை?’ என்ற கேள்விக்கு வினைச்சொல்லே இடம் வைத்திருந்தது. இப்போது அந்தக் கேள்வி முழுதும் ‘தகராறு’ என்ற ஒற்றைப் பெயர்ச்சொல்லின் தோளில் ஏறி நிற்கிறது. ஆகவே அச்சொல்லை எப்படி வாசிக்கிறோம் என்பது ஒரு நிறுவனத்தின் உயிர் பற்றிய கேள்வி. மனு ஏற்கப்பட்ட நாளிலேயே தடைக்காலம் தொடங்கும், இயக்குநர் குழுவின் அதிகாரம் நின்றுபோகும், இடைக்காலத் தீர்வு நிபுணர் நாற்காலியில் அமர்வார்.

அந்தப் பெயர்ச்சொல்லின் வழக்கு மோபிலாக்ஸ் எதிர் கிருசா. சட்ட மாணவர்கள் யாவரும் அறிந்தது. மற்றத் துறையினருக்காகச் சுருக்கம். ‘நச் பலியே’ என்ற தொலைக்காட்சி நடனப் போட்டிக்கான தொலைபேசி வாக்கெடுப்புப் பணியை மோபிலாக்ஸ், கிருசாவுக்கு உள்ஒப்பந்தமாகத் தந்தது. கிருசா தன் இணையப் பக்கத்தில் அப்பணியைக் குறிப்பிட்டது இரகசியக் காப்பு ஒப்பந்தத்தை மீறியதாகும் என்று கூறி, 2015 ஜனவரியில் பணத்தை நிறுத்தியது மோபிலாக்ஸ். 2016 டிசம்பரில் 8ஆம் பிரிவு அறிவிப்பு வந்தது. சில நாள்களிலேயே மறுப்பும் போனது. கேள்வி இது: தகராறு ‘இருக்கிறது’ என்று சொல்ல, வழக்கோ நடுவர் நடவடிக்கையோ ஏற்கெனவே நிலுவையில் இருந்தாக வேண்டுமா?

அன்றைய 8(2)(அ) உட்பிரிவின் வாசகம், தகராறு இருப்பதையும் ‘அதோடு’ வழக்கு நிலுவையில் இருக்கும் பதிவையும் கேட்டது. இடையில் நின்றது ‘அண்ட்’ என்னும் ஒற்றை இடைச்சொல். 2017 செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் அதை ‘ஆர்’ என்று வாசித்தது. இல்லையெனில், நேற்று எழுந்த தகராற்றுக்கு இன்று வழக்குப் போட நேரமில்லாதவன் நாளை திவால் ஆக்கப்படுவான் என்பது நீதிமன்றத்தின் கவலை. வரைவில் ‘தகராறு என்பது’ என்று எல்லை கட்டியிருந்த வரையறை, சட்டமானபோது ‘தகராறு உள்ளடக்கும்’ என்று விரிந்ததையும், ‘நேர்மையான’ என்ற அடைமொழி நீக்கப்பட்டதையும் நீதிமன்றம் கவனத்தில் கொண்டது. நீதிமன்றம் வகுத்த அளவுகோல் எளியது: மேலும் விசாரிக்கத்தக்க, நம்பத்தகுந்த வாதமா, அல்லது ஆதாரமற்ற வெறும் பேச்சா என்பதை மட்டும் தீர்ப்பாயம் பார்க்க வேண்டும், வாதம் வெல்லுமா என்று பார்க்க வேண்டியதில்லை. 2018இல் நாடாளுமன்றமே அந்த இடைச்சொல்லை ‘அல்லது’ என மாற்றியது.

நன்னூலார் ‘உம்’ என்னும் ஓர் இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் வகுத்தார். ஓர் உம்மையால் ஒரு நிறுவனம் மூடப்படலாம் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

மோபிலாக்ஸைக் கொண்டாடும் கட்டுரைகள் ஏராளம். சிக்கல் அத்துடன் தீர்ந்தது என்று நம்புவோரிடம் ஒரு வேண்டுகோள்: 9(5)ஐ எடுத்துக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். முதற்கூறு மனுவை ஏற்பதற்கான நிபந்தனைகளைத் தருகிறது. அவற்றுள் ஒன்று: தகராற்று அறிவிப்பு வரவில்லை ‘அல்லது’ தகவல் பயன்பாட்டு நிறுவனத்தில் தகராற்றுப் பதிவு இல்லை. இரண்டாங்கூறு மனுவைத் தள்ளுவதற்கான காரணங்களைத் தருகிறது. அவற்றுள் ஒன்று: தகராற்று அறிவிப்பு வந்துள்ளது ‘அல்லது’ தகவல் பயன்பாட்டு நிறுவனத்தில் பதிவு உள்ளது. நிறுவனம் கடிதம் அனுப்பிவிட்டது, ஆனால் பதிவு ஏதும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான வழக்குகளின் நிலை அதுதான். ‘பதிவு இல்லை’ என்பது மெய்யாதலால் ஏற்கும் நிபந்தனை நிறைவேறுகிறது. ‘கடிதம் வந்தது’ என்பது மெய்யாதலால் தள்ளும் காரணமும் நிறைவேறுகிறது. ஒரே மனு, ஒரே நேரத்தில், ஏற்கவும் தள்ளவும் வேண்டியதாகிறது.

ஏரணம் படிக்கும் முதலாண்டு மாணவர் இதைக் கண்டுபிடிப்பார். டி மார்கனின் விதி இது: ‘அ அல்லது ஆ’ என்பதன் மறுதலை ‘அ இல்லை, ஆவும் இல்லை’ என்பதே. வரைவாளர் ‘அல்லது’வை மறுத்தபோது அதை ‘உம்’ ஆக்க மறந்தார். தமிழில் இந்தப் பிழை எளிதில் நேராது. ‘கடிதமோ பதிவோ வரவில்லை’ என்றாலும், ‘கடிதமும் வரவில்லை, பதிவும் இல்லை’ என்றாலும் இரண்டும் இல்லை என்றே பொருள்படும். தீர்ப்பாயங்கள் பொதுவாகத் தள்ளும் பக்கமே நிற்கின்றன என்பது உண்மை; மோபிலாக்ஸின் போக்கும் அதுவே. ஆனால் எழுத்துப்படி வாசிப்போம் என்று மார்தட்டுகிறவர்கள் இந்த இடத்தில் எந்த எழுத்தைப் பிடித்துக்கொள்வார்கள்?

இனிப் படிவத்துக்கு வருகிறேன். என் முதன்மைக் குற்றச்சாட்டு இங்கேதான். கேட்பு அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை 2016ஆம் ஆண்டு விதிகளுடன் வந்த படிவம் 3 நிர்ணயிக்கிறது. அதில் பெறுநரை நோக்கிய ஒரு பத்தி உண்டு. அதன் சாரம்: கடனின் இருப்பையோ தொகையையோ நீங்கள் மறுப்பதானால், இந்த அறிவிப்புக்கு முன்பே தொடரப்பட்டு நிலுவையில் உள்ள வழக்கு அல்லது நடுவர் நடவடிக்கை பற்றிப் பத்து நாள்களுக்குள் தெரிவியுங்கள். அதாவது, உச்ச நீதிமன்றம் 2017இல் தள்ளிய அதே குறுகிய வாசிப்பு. இடைச்சொல் திருத்தப்பட்டது சட்டத்தில்; பெறுநரின் கைக்கு வரும் தாளில் அன்று. என் கைக்கு வந்த சில அறிவிப்புகளில், அண்மைக் காலத்தவை உட்பட, அதே பத்தி அப்படியே இருக்கிறது.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: பான்டாலா தோல் வளாகத்தில் கையுறை தைக்கும் சிறு நிறுவனம் ஒன்று. வேதிப்பொருள் தந்த பெரிய வணிகரிடமிருந்து ஒரு கோடியே பத்து லட்சம் கேட்டு அறிவிப்பு வருகிறது. சரக்கு தரமற்றது என்று ஆறு மாதமாகத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கிறார் உரிமையாளர். அறிவிப்பைப் படிக்கிறார்: ‘வழக்கு நிலுவையில் இருந்தால் தெரிவியுங்கள்.’ வழக்கு எதுவும் இல்லை. எனவே தெரிவிக்க எதுவும் இல்லை என்று நேர்மையாகவே முடிவு செய்கிறார். பேசாமல் இருக்கிறார். பிறகு நாம் வந்து சொல்கிறோம்: ‘பேசாமல் இருந்தாயே, ஒப்புக்கொண்டாய்.’ கேள்வியைத் தவறாகக் கேட்டுவிட்டு, சரியான பதில் வரவில்லை என்று தண்டிப்பதற்கு என்ன பெயர்?

கடனீந்தவர் பக்கத்து ஆவணத்திலும் இதே ஓட்டை உண்டு. 9(3)(ஆ) கேட்கும் ஆணையுறுதிப் பத்திரத்தில் அவர் சொல்ல வேண்டியது, தகராறு பற்றி நிறுவனம் ‘அறிவிப்பு எதுவும் தரவில்லை’ என்பதே. ‘எங்களுக்குள் தகராறு இல்லை’ என்று அவர் உறுதிகூற வேண்டியதில்லை. ஆறு மாதம் தொலைபேசியில் சண்டையிட்டவர்கூட மனச்சான்று உறுத்தாமல் கையெழுத்திடலாம். சொல்லளவில் அது மெய். கேட்பவர் மனத்தில் அது எழுப்பும் பொருளோ பொய். கிரைஸ் சொன்ன ‘அளவு நெறி’ மீறப்படுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைப் பாடநூலில் தேடித்தான் காண வேண்டும்.

தொலைபேசி என்றேன். இதை இன்னும் சற்று விரிக்க வேண்டும். மோபிலாக்ஸ் வழக்கில் தகராறு ‘இருந்தது’ என்று காட்ட ஒரு மின்னஞ்சல் இருந்தது. அந்தத் தீர்ப்பு ஆவணம் எழுதிப் பழகிய இரு தொழில்நுட்ப நிறுவனங்களுக்கிடையே பிறந்தது. பராபஜார் அப்படி இல்லை. இந்த நகரத்தின் மொத்த வணிகத்தில் தகராறு பேசப்படுகிறது, எழுதப்படுவது அரிது. மார்வாரியில் தொடங்கி இந்தியில் வளர்ந்து வங்காளத்தில் முடியும் ஒரு தொலைபேசி உரையாடலில் சரக்கு திருப்பி அனுப்பப்படும், விலை குறைக்கப்படும், சினம் தணியும். கடன் கேட்பதற்கே இங்கு வேறொரு இலக்கணம் உண்டு. வங்காளப் புத்தாண்டான பொய்லா பொய்ஷாக் அன்று வணிகர்கள் ‘ஹால்காத்தா’ என்னும் புதுக்கணக்கைச் சிவப்பு அட்டைப் பேரேட்டில் தொடங்குவார்கள். வாடிக்கையாளருக்கு அழைப்பு போகும், அவர் வந்து பழைய பாக்கியைத் தீர்ப்பார், இனிப்பு கிடைக்கும். அந்த அழைப்பிதழும் ஒரு கேட்பு அறிவிப்புதான். அதில் ‘கடன்’ என்ற சொல் இருக்க வேண்டியதில்லை. அழைத்தவருக்கும் வருபவருக்கும் பொருள் தெரியும்.

இப்படிப்பட்ட பேச்சைத் தீர்ப்பாயத்துக்கு எடுத்துச் செல்லும்போது என்ன நேர்கிறது? பணம் கேட்டால் வங்காள வணிகர் ‘தேக்ச்சி’ என்பார். சொல்லுக்குச் சொல் ‘பார்க்கிறேன்’. நம்மவர் ‘பார்க்கலாம்’ என்பார். இது உறுதிமொழி அன்று, மறுப்பும் அன்று. பல சமயம் முகம் முறிக்காத மறுப்பு. ‘ஹோச்சே ஹோபே’ என்றால், நடந்துகொண்டிருக்கிறது, நடக்கும் என்று சொற்பொருள். நடக்காது என்பது இந்நகரத்தில் நான்கு நாள் இருந்தவருக்கும் தெரியும். தீர்ப்பாயத்தில் வேற்றுமொழி ஆவணம் ஆங்கில மொழிபெயர்ப்புடன் வர வேண்டும். வாட்ஸாப்பில் வந்த ‘தேக்ச்சி’ ஆங்கிலத்தில் ‘ஏற்பாடு செய்கிறோம்’ என்ற தோரணையில் ஓர் உறுதிமொழியாக உருமாறினால், கடன் ஒப்புதலுக்கு அதுவே சான்றாகிவிடும். மொழிபெயர்ப்பாளர் பொய் சொல்லவில்லை. மரியாதையைக் கடனாக மொழிபெயர்த்துவிட்டார், அவ்வளவே.

சொற்களைச் சூழலோடு சேர்த்து வாசிக்க நம் நீதிமன்றங்களுக்குத் தெரியாது என்று நான் சொல்ல வரவில்லை. இந்த நகரமே அதற்குச் சான்று. நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில் காட்டப்பட்ட கடன், காலவரைச் சட்டத்தின்கீழ் ஒப்புதலாகுமா என்ற கேள்விக்குக் கல்கத்தா உயர் நீதிமன்றம் பெங்கால் சில்க் மில்ஸ் வழக்கில் 1961இலேயே விடை தந்தது: குறிப்பைத் தயாரிப்பது சட்டக் கட்டாயம், ஆனால் அதில் குறிப்பிட்ட ஒப்புதலைச் செய்யச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை, ஆகவே அது ஒப்புதலாகலாம். 2021 ஏப்ரல் 15 அன்று, கொல்கத்தா அமர்வில் தொடங்கிய பிஷால் ஜெய்ஸ்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. அதோடு நில்லாமல், குறிப்புடன் இணைந்த விளக்கங்களையும் தணிக்கையாளர் அறிக்கையையும் சேர்த்துப் படித்தே ஒப்புதலா இல்லையா என்று ஒவ்வொரு வழக்கிலும் முடிவு செய்ய வேண்டும் என்றது. அது நிதிக் கடனீந்தவர் வழக்கு என்பதை அறிவேன். வாசிக்கும் முறைதான் இங்கே முக்கியம். கணக்கேட்டின் ஒரு வரியையே அதன் அடிக்குறிப்போடு சேர்த்துக் கேட்கும் பொறுமை நீதிமன்றத்துக்கு இருக்கையில், ஒரு வணிகரின் மௌனத்தை மட்டும் அடிக்குறிப்பின்றிக் கேட்பேன் என்று நாம் ஏன் பிடிவாதம் பிடிக்கிறோம்?

எதிர்வாதத்தின் வலுவான வடிவம் இது: ‘செயல்பாட்டுக் கடனீந்தவர்களில் பலரே சிறு வணிகர்கள். உரிமையியல் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். தகராற்றின் வாயிலை இன்னும் அகட்டினால், பெரிய நிறுவனங்கள் பொய்த் தகராறு புனைந்து தப்பிக்கும்.’ இதை ஒதுக்கிவிட முடியாது. சரக்கு தந்துவிட்டு ஏமாந்த சிறு உற்பத்தியாளரின் கோபம் நியாயமானது. ஆனால் அவருக்கு இச்சட்டம் செய்த கைம்மாறு என்ன? 2020 மார்ச் 24 அன்று, தவணை தவறிய தொகையின் கீழ்வரம்பு ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடியாக உயர்ந்தது. சிறியவர்களில் பெரும்பாலோர் அன்றே வாயிலுக்கு வெளியே நின்றார்கள். உள்ளே போனவர்களுக்கும் கடனீந்தோர் குழுவில் வாக்கு இல்லை. எனவே பத்து நாள் அச்சுறுத்தலால் இன்று உண்மையில் பயன் பெறுவோர் யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. இச்சட்டம் வசூல் மன்றத்துக்கு மாற்று அன்று என்று உச்ச நீதிமன்றம் மீண்டும் மீண்டும் சொல்லியிருக்கிறது. அறிவிப்போ வசூல் கடிதமாகவே எழுதப்படுகிறது, வசூல் கடிதமாகவே வாசிக்கப்படுகிறது.

பொய்த் தகராறு பற்றிய அச்சத்துக்கு மோபிலாக்ஸ் அளவுகோலே போதுமான மருந்து. அறிவிப்பு வந்தபின் புனைந்த தகராறு அதில் தேறாது. தகராறு அதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும். நான் கேட்பது அளவுகோலைத் தளர்த்துமாறு அன்று. முன்பே இருந்த தகராற்றைக் காட்டச் சரியான கேள்வியைக் கேளுங்கள், பேச்சு வடிவச் சான்றையும் சான்றென்று கொள்ளுங்கள் என்பதே. மின்னணுப் பதிவுகளைச் சான்றிதழோடு ஏற்கும் வழி பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவில் இருக்கிறது. குரல் செய்தியும் பதிவுதான்.

அறிவிப்பை எதிர்கொள்வோர் அறிய வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மாணவர்களிடம் இதைத்தான் வீட்டார் கேட்கிறார்கள். மௌனம் ஒப்புதல் அன்று என்பதால் மௌனமாக இருக்கலாம் என்று பொருளில்லை. பதில் அனுப்புவதே அறிவு. வழக்கு இல்லை என்றாலும் தகராறு இருக்கலாம். நடுவர் தீர்ப்பு எதிராக வந்திருந்தாலும், அதை எதிர்த்து 34ஆம் பிரிவு மனு நிலுவையில் இருந்தால் தகராறு தொடர்கிறது என்று 2018இல் கே. கிஷன் வழக்கு சொன்னது. மூன்றாண்டைக் கடந்த, இடையில் ஒப்புதலற்ற கடனுக்குக் காலவரைத் தடை உண்டு. பணம் கட்டியிருந்தால் வங்கிப் பரிமாற்றப் பதிவின் சான்றிட்ட படி வேண்டும். ‘கட்டிவிட்டோம்’ என்ற வாக்கியம் போதாது. தீய நோக்கோடு மனுச் செய்பவருக்கு 65ஆம் பிரிவின்கீழ் ஒரு லட்சம் முதல் ஒரு கோடி வரை தண்டம் விதிக்கலாம்; இதைப் பதிலில் நினைவூட்டுவதில் தவறில்லை.

படிவம் 3ஐத் திருத்த நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. விதிகளை வகுத்தது மத்திய அரசு. ஓர் அறிவிக்கை போதும். நான் முன்மொழியும் பத்தி இது. அறிவிப்பு பெறுபவர் அன்றாடம் கணக்கு எழுதும் மொழியிலும் இது உடன் வர வேண்டும்:

‘இக்கடனின் இருப்பு, தொகை, சரக்கு அல்லது சேவையின் தரம், ஒப்பந்த மீறல் ஆகியவற்றுள் எதைப் பற்றியேனும் இந்த அறிவிப்பு உங்களுக்குக் கிடைக்கும் முன்பே எங்களிடம் நீங்கள் எழுத்திலோ பேச்சிலோ மறுப்புத் தெரிவித்திருந்தால், வழக்குத் தொடர்ந்திருந்தாலும் தொடராவிட்டாலும், அதைப் பத்து நாள்களுக்குள் எங்களுக்குத் தெரிவிக்கவும். உங்களிடம் உள்ள கடிதம், மின்னஞ்சல், கைபேசிச் செய்தி, குரல் பதிவு எதையும் இணைக்கலாம். பதில் அனுப்பாதது கடனை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படாது. எனினும் பத்து நாள்களுக்குப் பின் நாங்கள் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம்.’